பதினோராவது வீடு

கிங்ஸ் சர்க்கிளிலிருந்து டிராம் இன்று சீக்கிரம் கிடைத்துவிட்டது. அதனால்தான் பத்து மணிக்கு முன்பே வந்து உங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், இன்ஸ்பெக்டர் சார். வீடு இடிக்கும் மேஸ்திரி பூலோகத்தை இரண்டு நாளாக லாக்கப்பில் வைத்து அடிக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அவர் மேல் தப்பில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

என் பெயர் வேங்கடசுப்ரமணியன். சர்க்காருக்கு நிலம் எடுக்கும் ஆபீஸில் குமாஸ்தா. தாராவியில் பதினோரு வீடுகளை எடுக்க உத்தரவு வந்தபோது, தமிழ் தெரியும் என்பதால் என்னை அனுப்பினார்கள். நோட்டீஸில் 'பொதுக் காரியம்' என்று இருந்தது. காரியம், ஒரு பஞ்சுக் கம்பெனியின் கிடங்கு. பத்துக் குடும்பங்கள் என் பேச்சை மதித்துப் போய்விட்டார்கள். சிலர் அழுதார்கள். எனக்கும் வருத்தம்தான்.

தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்யும் பிரம்மநாயகம் மட்டும் நகரவில்லை. அவர் வீடு செங்கல் வீடு. ஒவ்வொரு சுவரும் அவரும் மனைவி பூமாரியுமாக எழுப்பியது.

"ஆஸ்பத்திரி கட்டுதாகன்னா நானே இடிச்சுத் தாரேன், சாமி. வெள்ளக்காரன் போன பொறவும், பஞ்சு மூட்ட அடுக்கதுக்கு எம் வீடுதானா கெடச்சுது?" என்று கேட்டார்.

யோசித்துப் பாருங்கள், சார். ஒருவரை விட்டுவைத்தால், போன பத்துப் பேருக்கு அது அநியாயம் இல்லையா? இடிக்கிற நாள் வரை எனக்கு இதே யோசனைதான்.

அன்று உச்சிவேளை. ஆட்கள் வீட்டு வரிசையின் மறுகோடியில் இடித்துக்கொண்டிருந்தார்கள். பிரம்மநாயகம் வேலைக்குப் போயிருந்தார். பூமாரி உள்ளே தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, கதவைத் திறங்கோ," என்றேன்.

"அவுக வரட்டும், சாமி. அதுவரைக்கும் இந்த எடத்த விட்டு எந்திரிக்க மாட்டேன்."

மூன்று முறை கேட்டேன். நான்காம் முறை கேட்கவில்லை. காலி வீடுகளுக்குப் போடும் பூட்டு ஒன்று என் பையில் இருந்தது. வெளியே அதைப் போட்டேன். வெளிப்பூட்டுத் தொங்கும் வீட்டில் ஆள் இருப்பதாக யாரும் நினைக்க மாட்டார்கள்.

பூலோகம் வந்து, "உள்ள ஆளு இல்லையே, ஐயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் முன்னாலேயே பைலில் 'காலி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பின்சுவரில் தொடங்கினார்கள். சம்மட்டிச் சத்தத்தில் அவர்களுக்கு அவள் குரல் கேட்கவில்லை. நான் கதவருகே நின்றதால் எனக்குக் கேட்டது. உள்ளங்கையால் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு உத்தரம் முறிந்து கூரை மொத்தமாக இறங்கியது.

ஆட்கள் சாப்பிடப் போனதும், சேதி தெரிந்து பிரம்மநாயகம் ஓடிவந்தார். வெறுங்கையால் ஓடுகளை வாரி எறிந்தார். முதலில் ஒரு கை தெரிந்தது, வளையலோடு. அப்புறம் கதவு. அதில் பூட்டு அப்படியே இருந்தது.

"பூட்டு போட்டது யாரு, சாமி?" என்றார். அப்போதும் சாமி என்றுதான் சொன்னார்.

அவர் கையில் ஆயுதம் எதுவும் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் கடப்பாரை கிடந்தது. முதல் அடி தோளில் விழுந்தது, எனக்குப் பழக்கமில்லை. அடுத்த இரண்டும் தலையில். அவர் மனைவியின் கை மேலேயே கவிழ்ந்தார். அதற்கப்புறமும் முதுகு ஏறி இறங்கியது; அது நிற்கும்வரை அடித்தேன். பிறகு பூட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, இருவரையும் செங்கலால் மூடினேன். சுவர் விழுந்து செத்தார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள். ஆள் இருக்கப் பார்க்காமல் இடித்த பழி பூலோகத்தின் மேல் விழும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு பேரையும் கொன்றது நான்தான். ஆனால் பைலில் பொய் எழுதியதாக மட்டும் சொல்லாதீர்கள், சார். வீடு காலியாகத்தான் ஆயிற்று. நான் எழுதியது ஒரு மணி நேரம் முந்திவிட்டது, அவ்வளவுதான்.