வால்வுப் பெட்டியின் மூன்றாவது ஒயர்

சிமெண்டுத் தூசி ஆம்ப்ளிஃபயருக்கு ஆகாது. அரியலூரில் கடை வைத்திருப்பவனுக்கு அதுதான் முதல் பாடம். சுண்ணாம்புக்கல் லாரி நாலு கடந்து போனால் போதும், வால்யூம் திருகுக்குள் தூசி இறங்கிவிடும். மறுநாள் திருகும்போது கரகரவென்று இருமும். இன்ஸ்பெக்டர் அய்யா, உங்கள் ஜீப்பில் இருக்கிற மைக்கும் அப்படித்தான் இருமுகிறது. கழற்றித் துடைத்தால் சரியாகிவிடும், யாரிடமாவது சொல்லுங்கள். நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

என் பெயர் செல்வநாதன். வயது ஐம்பத்தொன்பது. ஏலாக்குறிச்சிப் பக்கத்துக்காரன். முப்பத்தைந்து வருடமாக மாதா கோவில் பூசைக்குக் கிட்டார் வாசிக்கிறேன். முப்பது வருடமாக ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கிறேன். அரும்பாவூரிலிருந்தும் திருமழபாடியிலிருந்தும் பஸ்ஸில் மடியில் வைத்துப் பெட்டி கொண்டுவருவார்கள். செருகி ஒரு கம்பியை மீட்டச் சொல்வேன். உள்ளே இருப்பது வால்வா டிரான்சிஸ்டரா, எந்த வருடத்துச் சரக்கு என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். 'செல்வநாதன் காது' என்று இரண்டு மாவட்டத்திலும் ஒரு பேச்சு உண்டு. எனக்கு நிலபுலன் கிடையாது, பிள்ளை கிடையாது. அந்தப் பேச்சு ஒன்றுதான் இருந்தது.

கடையில் என் சொந்தப் பெட்டிகள் மூன்று. முதலாவது லண்டனில் செய்த வால்வுப் பெட்டி, 1966. ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார ஃபாதர் ஒருவர் விட்டுப்போனது. நெய் உருகி இறங்குகிற மாதிரி ஒரு நாதம். ஓங்கி அடித்தால் லேசாகக் கம்மும், அதுவும் அழகுதான். ஆனால் வருடத்துக்கு மூன்று முறை படுத்துவிடும். இரண்டாவது பம்பாயில் செய்த டிரான்சிஸ்டர் பெட்டி, 1983. வறட்டுச் சத்தம். ஆனால் லாரியிலிருந்து விழுந்து எழுந்தும் பாடியிருக்கிறது. தூசி தட்டியதைத் தவிர அதற்கு நான் ஒன்றும் செய்ததில்லை. மூன்றாவது சீனப் பெட்டி, வாங்கி ஐந்து வருடம். நூறு விதமான நாதம் பொத்தானில் இருக்கும்; கெட்டுப்போனால் தூக்கிப் போட வேண்டியதுதான். மூன்றில் எது நம்பகமானது என்று எல்லாரும் கேட்பார்கள். நம்பகம் பெட்டியில் இல்லை, கடைசியாக அதைத் திறந்தவன் கையில் இருக்கிறது என்பேன். பெருமைக்குச் சொல்லவில்லை, என் அனுபவம் அது.

கச்சேரிக்காரர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம். மேடையில் 'ம்ம்' என்று இரைச்சல் கேட்டால் பிளக்கில் இருக்கிற எர்த் பின்னைப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். இரைச்சல் நிற்கும். ஆனால் உள்ளே எங்காவது கரண்டு கசிந்தால் அதற்குப் போக்கிடம் இல்லாமல் பெட்டித் தகட்டிலும் கிட்டார் கம்பியிலும் வந்து உட்கார்ந்திருக்கும். பழைய வால்வுப் பெட்டிகள் இரண்டு பின்னோடுதான் செய்யப்பட்டன. என்னிடம் வந்த ஒன்றைக்கூட நான் அப்படியே திருப்பி அனுப்பியதில்லை. எர்த்துக்கான மூன்றாவது ஒயரைப் போட்டு, தகட்டில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். “செல்வண்ணன் கைபட்ட பெட்டின்னா கண்ண மூடிக்கிட்டுத் தொடலாம்” என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் மரிய ஆல்பர்ட்.

ஆல்பர்ட் வரதராசன்பேட்டைக்காரன், வயது முப்பத்திரண்டு. அவன் கிட்டாரோடு பாடுவான், அவன் மனைவி லீலா மேரியும் பாடுவாள். கல்யாண ரிசப்ஷன்களுக்குப் போவார்கள். வாசிக்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் போனில் வீடியோ எடுத்துப் போடுவான். சித்திரையில் ஒரு நாள் கடைக்கு வந்து, குறுக்கே ஒரு பெட்ஷீட்டைக் கட்டினான்.

“அண்ணே, நான் இதுக்குப் பின்னாடி வாசிக்கிறேன். மூணு பெட்டியில எதுன்னு நீங்க சொல்லணும். பத்து தடவ. அவ்வளவுதான்.”

சொன்னேன். இது வால்வு, இது பம்பாய், இது மறுபடி வால்வு. எப்படிக் கண்டுபிடிக்கிறேன் என்று ஒவ்வொன்றுக்கும் விளக்கமும் கொடுத்தேன். ஏழாவது தடவை, இந்த நாதத்தைக் கேட்டால் எனக்குக் கண் கலங்கும் என்றுகூடச் சொன்னேன். பத்தும் முடிந்ததும் அவன் பெட்ஷீட்டை இழுத்தான். ஒரு பெட்டியில்தான் ஒயர் செருகியிருந்தது. சீனப் பெட்டி. பத்து முறையும் அதே பெட்டி, ஒரு பொத்தானைக்கூட மாற்றவில்லை. அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன், வீடியோவில் இருக்கிறது.

அதற்குப் பிறகு டீக்கடையில் கண்ணாடித் தம்ளரை நீட்டும்போதே, “அண்ணே, இது வால்வு டீயா, டிரான்சிஸ்டர் டீயா?” என்பார்கள். லப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவர், பழைய வாடிக்கை, துபாயிலிருந்து போன் போட்டு நலம் விசாரித்துவிட்டு அதையே கேட்டார். பூசையில் நான் கிட்டாரைத் தூக்கினால் முதல் வரிசையில் தோள்கள் குலுங்கும். என் மனைவி அனிதா மேரி அடுப்படியில் நின்று அந்த வீடியோவைப் பார்த்து, “நல்லா மாட்டிக்கிட்டீங்க போங்க” என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவளைக் கை நீட்டி அடித்தவன் இல்லை நான். பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். ஆல்பர்ட்டை வெறுத்தேன். அவன் குரலை வெறுத்தேன், அவன் வண்டி சத்தத்தை வெறுத்தேன். அவன் என்னை இன்னமும் அண்ணே என்று கூப்பிட்டதைத்தான் அதிகம் வெறுத்தேன்.

ஆவணியில் அவனே வந்தான்.

“அண்ணே, அந்த வீடியோவ எடுத்துடட்டுமா? லீலா திட்டுறா.”

“இருக்கட்டும் தம்பி,” என்றேன். எடுத்தால் நான்தான் காலில் விழுந்து எடுக்கச் சொன்னேன் என்பார்கள்.

“அப்ப இன்னொண்ணு பண்ணுவோம். ஞாயித்துக்கெழம பெரம்பலூர்ல ஒரு ரிசப்ஷன். மூணு பெட்டியையும் நெசமாவே வச்சு, அத்தன சனத்துக்கு முன்னாடி வாசிக்கிறேன். ஏமாத்து வேல இல்ல. நீங்கதான் ஜெயிப்பீங்க, பாருங்க. வால்வு பெட்டி மட்டும் ஒரிஜினலா இருக்கட்டும்ணே. பழைய ரெண்டு பின்னு வீடியோவுல தெரிஞ்சா கெத்தா இருக்கும்.”

என் மானத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் அவன் அப்படிச் செய்தான் என்று லீலா மேரி உங்களிடம் சொல்லியிருக்கிறாள். இருக்கலாம். மறுநாள் மதியம் அனிதாவைக் கடைக்கு வரச் சொன்னேன். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாசிக்க, அவள் ஒயரை மூன்று பெட்டியிலும் மாற்றி மாற்றிச் செருகினாள்; எது எந்தப் பெட்டி என்று நான் சொல்லிப் பார்த்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை காலை வால்வுப் பெட்டியைத் திறந்தேன். ஒரிஜினல் கேட்டான், ஒரிஜினல் கொடுத்தேன். மூன்றாவது ஒயரைக் கழற்றினேன். கரண்டு கசிகிறது என்று பல வருடத்துக்கு முன்னால் நானே எடுத்து டப்பாவில் போட்டிருந்த அந்தப் பெட்டியின் லண்டன் பாகம் ஒன்று இருந்தது. அதையும் பழைய இடத்தில் வைத்துப் பற்றவைத்தேன். பிறகு வழக்கம்போலத் தகட்டில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். கை தானாக உதறிக்கொண்டு விலகியது. மூடித் துடைத்து வைத்தேன். ரிசப்ஷன் நடக்கிற அந்தப் பெரம்பலூர் மண்டபத்து மைக்குக்கு எர்த் சரி செய்து கொடுத்ததும் போன மாதம் நான்தான். அது கச்சிதமாக இருந்தது. ஒரு கையில் அந்த மைக்கும் இன்னொரு கையில் இந்தக் கிட்டாரும் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது என்றால் நீங்களே நம்பமாட்டீர்கள். அன்று மாலை கோவிலில் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மனைவியிடம் முகம் கொடுத்துப் பேசாததைச் சொன்னேன். இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை, பாவம் என்று பட்டால்தானே சொல்வதற்கு.

ஞாயிறு பன்னிரண்டு மணிக்குச் சோதனை. பதினொன்றேகாலுக்கு விபத்து. விபத்து என்று எழுதி அடித்திருக்கிறேன், அதை விட்டுவிட்டுப் படியுங்கள்.

ஆல்பர்ட் கிட்டாரைத் தோளில் மாட்டினான். வால்வுப் பெட்டியின் சுவிட்சைப் போட்டான். அது சூடேறும்வரை பொறுக்கவில்லை. இடது கை கம்பியில் இருக்க, வலது கையால் மைக்கைப் பிடித்தான். “லீலா” என்றான். பின்னால் என்ன சொல்ல வந்தானோ தெரியாது. மைக்கோடு அப்படியே சாய்ந்தான். லீலா மேரி அவனைத் தூக்க ஓடினாள். மண்டபத்துக் காவல்காரர் அரியமுத்து சேலையைப் பிடித்து இழுத்து அவளைக் கீழே தள்ளினார். அதனால் அவள் பிழைத்தாள். “செல்வண்ணே, மெயின அணைங்க. அண்ணே, மெயின அணைங்க” என்று அவள் தரையில் கிடந்தபடி கத்தினாள். மெயின் சுவிட்ச் என் தோளுக்குப் பின்னால் இருந்தது. காலையில் வந்ததிலிருந்து நான் அங்கேதான் நின்றிருந்தேன். கடைசியில் அரியமுத்துதான் ஓடிவந்து என்னை ஒதுக்கித் தள்ளிவிட்டு அணைத்தார்.

ஏன் அணைக்கவில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. அவன் விழும்போது விரல்கள் கம்பிகளை இழுத்துக்கொண்டு போயின. ஆறு கம்பியும் ஒன்றாக ஒலித்தன. என் வாழ்நாளில் அப்படி ஒரு நாதம் நான் கேட்டதில்லை. அது வால்வு. பம்பாய் இல்லை, சீனா இல்லை. அத்தனை பேருக்கு முன்னால், ஒரு நொடி யோசிக்காமல் கண்டுபிடித்தேன். அது முழுவதும் அடங்கும்வரை நகர மனம் வரவில்லை.

நேற்று நீங்கள் லீலா மேரியின் போனில் பதிவானதை நான்கு முறை போட்டுக் காட்டினீர்கள். அவளுடைய கத்தல் இருக்கிறது, நாற்காலி விழுகிறது, அரியமுத்துவின் செருப்புச் சத்தம்கூட இருக்கிறது. “எங்கய்யா நாதம்? வால்வு சூடாக ஒரு நிமிஷம் ஆகும்னு நீதான் சொன்ன. இதுல மொத்தமே இருபது நொடி. பெட்டி வாயே தொறக்கல” என்றீர்கள்.

ஒயரைக் கழற்றினேன். கசியும் என்று தெரிந்தே கொடுத்தேன். அவன் சாகட்டும் என்றுதான் கொடுத்தேன். மெயினை அணைக்கக் கூடாது என்றுதான் அங்கே நின்றேன். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். உங்கள் அறிக்கையில் அந்த ஒரு வரியை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள், அய்யா. வால்வு நாதம் போன் மைக்கில் பதியாது.