ஆளுக்கு ஒரு ஸ்பூன்

— வாய் வழியா எதுவும் கூடாதுன்னு நேத்தே சொன்னேன்ல, நூர் நிஷாக்கா. என்ன குடுத்தீங்க?

— நா ஒண்ணும் குடுக்கல, பிரேமலதா சிஸ்டர்.

— ஜூட் வேண்டாம்க்கா, பொய் சொல்லாதீங்க. நேத்து நல்லா மூச்சு விட்ட உங்க வீட்டுக்காரருக்கு, இப்ப மாஸ்க் போட்டும் நெஞ்சு இழுக்குது. எக்ஸ்ரேல வலது நுரையீரல் வெள்ளையா கெடக்கு. என்ன போச்சுன்னு தெரிஞ்சாதான் டாக்டர் மருந்து குடுப்பாரு.

— மக்காவுல இருந்து வந்த ஜம்ஜம் தண்ணி. பேரீச்சம்பழம் கரைச்சது. சொந்தக்காரவுஹ ஆளுக்கு ஒரு ஸ்பூன் விட்டாஹ. நானும் விட்டேன்.

— அரே தேவா.

— நல்லாத்தான் முழுங்குனாஹ சிஸ்டர். தொண்டை ஏறி எறங்குச்சே, கண்ணால பாத்தேன்.

— ஏறி எறங்கும். ஆனா இரைப்பைக்குப் போகல. தொண்டைக்குள்ள ரெண்டு வழிக்கா. முன்னால மூச்சுக்கு, பின்னால சோத்துக்கு. நாம முழுங்குறப்போ ஒரு சின்ன மூடி மூச்சு வழிய அடைச்சுக்கும். ஸ்ட்ரோக் வந்ததுல இவருக்கு அது சரியா அடைக்கல. அதுக்குத்தானே மூக்கு வழியா ட்யூப் போட்டு வயித்துக்கு நேரா கஞ்சி விடுறோம்.

— இருமக்கூட இல்லையே.

— இருமியிருந்தா நாங்க ஓடி வந்திருப்போம். தண்ணி தப்பான வழியில போறதே அவருக்கு உறைக்கல. இவ்வளவு சொல்லியும் ஏங்க்கா?

— பொழைக்கிறவுஹளுக்குத்தானே அந்தச் சட்டமெல்லாம்னு நெனச்சேன். போற உசுரு, நாக்கு நனையாம போவக்கூடாதுலா.

— போற உசுருன்னு யாரு சொன்னா?

— யாரு சொல்லணும்? எங்க அண்ணனையும் இப்படித்தான் ஐசியூல இருந்து வெளிய தள்ளுனாஹ. இனி ஒண்ணுமில்லன்னா பெட்டை காலி பண்ணிருவாஹள்லா. மறுநாளே மௌத்து. நேத்து இவுஹளைக் கீழ ஜென்ரல் வார்டுக்கு உருட்டிட்டு வந்தப்பவே எனக்கு வெளங்கிட்டு. மாஹிம், காட்கோபர்ல இருக்குற சொந்தக்காரவுஹ எல்லாத்துக்கும் போன் போட்டு, வந்து மொகத்தைப் பாத்துட்டுப் போங்கன்னேன்.

— என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லக்கா.

— கேட்டா உண்மையையா சொல்லுவீங்க? ஏன் சிஸ்டர், ஸ்ட்ரெச்சர் எதுக்கு வருது?

— மறுபடி மேல ஐசியூவுக்குக் கொண்டு போறோம்.

— மேலயா? அல்லா, என் வயித்துல பால வார்த்தீங்க. மேல கொண்டு போறாஹன்னா, பொழைக்க வழி இருக்குன்னுதானே அர்த்தம்?

— அக்கா, நேத்து அவரு தேறிட்டாருன்னுதான் கீழ அனுப்பினோம்.