தொண்ணூறு நாள் கணக்கு

இல்லைங்க வக்கீலம்மா, கேஸ் பேப்பரு இன்னும் உங்க கைக்கு வரலைங்கறீங்க, அப்ப மனு எழுதறதுக்கு முன்னாடி இதக் கேட்டுருங்க. தொண்ணூறு நாளைக்குள்ள போலீசு குற்றப்பத்திரிகை போடலன்னா ஆள ஜாமீன்ல விட்டாகணும், அதானே சட்டம்? ஜெயிலுக்குள்ள எல்லாருக்கும் அது மனப்பாடம். நாள் எண்ணிச் சொல்ற ஆளே நான்தான். காலண்டருன்னுதான் கூப்புடுவானுங்க.

நான் லேத் பட்டறை ஆளுங்க. குடோன்ல கூட்டுக் கொள்ளைன்னு புடிச்சாங்க. ரெண்டு பேரு கால அமுக்கிக்க, மூணாவது ஆளு உள்ளங்கால்லயே அடிச்சான். இந்த விரலப் பாருங்க, மேசை டிராயர்ல வச்சு மூடுனது. இப்பவும் மடங்காது. ஒத்துக்கலையே நான்! தொண்ணூறு நாள்தானேன்னு பல்லக் கடிச்சிட்டு இருந்துட்டேன்.

தொண்ணூறும் முடிஞ்சுது. மறுநாள் காலைல கோர்ட்டுக்குக் கெளம்பறேன். பொண்டாட்டி புதுச் சட்ட எடுத்துட்டு கோர்ட்டு வாசல்ல நிக்கறா. எங்க ரூம்ல ஒரு வழக்கம் உண்டுங்க. வெளிய போறவன் படுக்கற எடத்த ஒருத்தனுக்குக் குடுத்துட்டுத்தான் போவான், குடுத்தா திருப்பிக் கேக்கக் கூடாது. எம்பது பேரு ஒருக்களிச்சுப் படுக்கற ரூம்ல சன்னலோரம் என்னோடது. பக்கத்துல படுக்கற டிரைவருக்குக் குடுத்தேன். நல்ல சிநேகிதன். என்னக் கட்டிப் புடிச்சு அழுதான்.

கோர்ட்ல என்ன சொன்னாங்க தெரியுமா? புடிச்ச நாள்லேர்ந்து எண்ணக் கூடாதாம். ஜட்ஜு முன்னாடி நிறுத்தி ரிமாண்டு பண்ண நாள்லேர்ந்துதான் எண்ணணுமாம். ஸ்டேஷன்ல நான் அடி வாங்குனேனே, அந்த நாளு கணக்குலயே வராதாம். அப்ப அன்னிக்குத்தான் தொண்ணூறு. நாலரை மணிக்குக் குற்றப்பத்திரிகையக் கொண்டாந்து வச்சுட்டாங்க. பொண்டாட்டி மூஞ்சியப் பாக்காமயே வேன்ல ஏறிட்டேன்.

உள்ள வந்தா டிரைவரு சன்னலோரம் கால நீட்டிப் படுத்திருக்கான். என்னப் பாத்ததும், என்னடா காலண்டரு, ஒரு தாள் முன்கூட்டியே கிழிச்சிட்டியான்னான். ரூமே சிரிச்சுது. வெளையாட்டுக்குத்தாங்க சொன்னான், அது எனக்கும் தெரியும். அவன் முடியக் கொத்தாப் புடிச்சேன். சன்னல் கம்பில மோதுனேன். கம்பி, செவுரு, மறுபடி கம்பி. என் சட்டையெல்லாம் ரத்தம். விடுடான்னு அவன் கேக்கறான், காதுல விழுது, கை நிக்கல. நாலு பேரு இழுத்தும் நிக்கல.

என்னது, கொள்ளைக் கேஸுல ஜாமீனா? ஐயோ, அது போன மாசமே முடிஞ்சுதும்மா. நான் எடுக்கலன்னு தீர்ப்பே ஆயிருச்சு. இப்ப உள்ள இருக்கறது டிரைவரு செத்ததுக்கு. இதுக்கு நாளெல்லாம் எண்ண வேண்டாங்க, பதினோராவது நாளே குற்றப்பத்திரிகை வந்துருச்சு.