பத்துக்கு மேல் போனால்

சுத்தமாக நிரப்பிய படிவத்தைப் பார்த்தால் எனக்கு மனம் நிறைந்துவிடும். விசாரணை அதிகாரியான உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். எழுதிக்கொள்ளுங்கள்.

மாரடைப்போடு வருகிறவர்களில் யார் ஆஸ்பத்திரியிலேயே இறக்கக்கூடும் என்று ஓரளவு கணிக்கலாம். முதிர்ந்த வயது, தாமதமாக வந்தது, இறங்கிய ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட சிறுநீரகம், நுரையீரலில் நீர். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று சொல்லத்தான் அந்த மதிப்பெண் தாள். நான் பத்தைத் தாண்டியவர்களை, 'மேல்சிகிச்சைக்கு' என்று எழுதி, இரண்டு மணி நேரத் தொலைவிலிருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். வழியில் இறப்பவர் எங்கள் கணக்கில் வரமாட்டார்.

இந்த இதய வார்டுக்குப் போனால் பிணமாகத்தான் திரும்பணும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. பயந்து யாரும் வரவில்லை. மூன்றே வருடத்தில் அந்தப் பேச்சை நிறுத்தினேன். வேறு யார் நிறுத்தினார்கள்?

"இவரும் ஃபுல் மார்க்கா டாக்டர்?" என்பார் தலைமை நர்ஸ். கேட்டுவிட்டு ஆம்புலன்சுக்குப் போன் செய்வார்.

போன மாதம் அக்கா அத்தானைக் கூட்டி வந்தாள். எழுபத்தாறு வயது. வாயுத் தொல்லை என்று சோடா குடித்தபடி ஏழு மணி நேரத்தைக் கடத்தியிருக்கிறார்.

"மச்சான், ஊசி மட்டும் நீ போடாதப்பா. பாதி உயிர் அதுலயே போயிடும்" என்றார், மூச்சு வாங்க.

பதினொன்று.

"எதுக்குடா அனுப்பற? படுக்கை காலியாத்தானே கெடக்கு?" என்றாள் அக்கா.

"அங்க வசதி ஜாஸ்திக்கா."

"வண்டியில தாங்குவாராடா? நீ இருக்கேன்னுதானே இங்க கொண்டாந்தேன்."

கையெழுத்திட்டேன். ஐம்பதாவது நிமிடம், பாதி வழியில், டிரைவர் போன் செய்தார்.

அனுப்பியவர்கள் நாற்பத்திரண்டு பேர். உயிரோடு போய்ச் சேர்ந்தவர்கள் பதினாறு. பதினொன்று வாங்கியவர்களில் பத்துக்கு ஆறு பேர் வார்டிலேயே வைத்துப் பார்த்தால் பிழைப்பார்கள் என்று தாளின் அடியிலேயே அச்சிட்டிருக்கிறது. அந்த வரியைத் தினமும் படித்தேன். படித்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

அக்கா என்னோடு பேசுவதில்லை. பேசாமல் இருக்கட்டும். அவளுக்கு முன்னால் நாற்பத்தொரு குடும்பங்கள் அதே இடத்தில் நின்று அதையேதான் கேட்டன. அத்தானை மட்டும் படுக்கையில் சேர்த்திருந்தால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? சொந்தக்காரர் என்று விதியை வளைத்திருந்தால்தான் ஐயா நான் குற்றவாளி.