மேசையை விட்டு வராத மிஷின்

ஹலோ... ஆங், கேக்குது, சொல்லுங்க... எது வரமாட்டேங்குது?... தையல் மிஷினா? மேசையை விட்டு வரமாட்டேங்குதா? அது ஏங்க மேசையை விட்டு வரணும்?... சரி சரி, கோவிச்சுக்காதீங்க டெய்லர் சார். முப்பது வருஷமா அதுல தைக்கிறீங்க, அடியில என்ன இருக்குன்னு இன்னிக்குத்தான் குனிஞ்சு பாக்குறீங்க. அதான் சிரிப்பு வந்துச்சு... ஆமா, நான்தான் எண்ணெய் போடுவேன், நான்தான் கழட்டுவேன். இப்ப நான் பண்ணையில இருக்கேன், நீங்க நம்ம வீட்ல தனியா அதுகூட மல்லுக்கட்டுறீங்க. சரி, சொல்றேன், கேளுங்க. மொதல்ல பெல்ட்டைக் கழட்டி...

ஹோய்! ஹோய்! ஏய், போ, போ!... உங்களை இல்லைங்க. மாட்டை. இன்னிக்கு எடை போடுற நாள். முந்நூறு மாட்டையும் ஒண்ணொண்ணா வேலிச் சந்துக்குள்ள விடணும்... பேசலாம் பேசலாம். எடை மேடை தண்ணித் தொட்டி பக்கத்துலதானே இருக்கு. இந்தப் பண்ணையில சிக்னல் வர்றதே இந்தத் தொட்டிகிட்ட மட்டும்தான்.

பெல்ட் எடுத்தாச்சா?... நல்லது. இப்ப மிஷினோட தலையைப் பின்பக்கமா சாயுங்க. மெதுவா, விரல் நசுங்கிடப் போகுது... சாயுதுல்ல? அது எப்படிச் சாயுதுன்னு பாருங்க. பின்னால ரெண்டு கீல் இருக்கு, கதவுக்கு இருக்கிற மாதிரி. கீலோட ஒரு பாதி மரத்துல. இன்னொரு பாதியில விரலளவு கம்பி நீட்டிக்கிட்டிருக்கும், அது மிஷினுக்குள்ள சொருகியிருக்கும். அந்தக் கம்பி உருவி வராம இருக்க, அடியில பக்கத்துக்கு ஒரு ஸ்க்ரூ. அந்த ரெண்டையும் தளர்த்திட்டா, தலை தானா வந்துடும்... என்னது? ஸ்க்ரூவே இல்லையா?... இருக்கும்ங்க. இல்லாம எப்படி நிக்கும்?... டார்ச் அடிச்சுப் பாருங்க. பஞ்சும் எண்ணெயும் சேர்ந்து மெழுகு மாதிரி அடைஞ்சிருக்கும், ஊசியால நோண்டிப் பாருங்க... நோண்டியாச்சா?... வெறும் ஓட்டைதான் தெரியுதா? ரெண்டு பக்கமும்?

அப்ப எப்படி வராம இருக்கு?... எனக்கே புரியலையே. இருங்க, யோசிக்கிறேன். இழுக்காதீங்க! கீல் உடைஞ்சா மிஷின் குப்பைதான்.

ஹோய்... வா வா வா... அப்படித்தான்... இல்ல, அது 'மேனேஜர்'. ஒரு கறுப்புப் பசு. வேலை எதுவும் செய்யாது, எல்லார் வேலையையும் நின்னு பாக்கும், அதனால அந்தப் பேரு. அது நகர்ந்தாத்தான் மத்தது நகரும்... அடிக்கிறதா? சே, அதெல்லாம் தேவையே இல்லைங்க. மாட்டுக்குத் தோள்தான் சுவிட்ச்சு. தோளுக்குப் பின்னால நாம ஒரு அடி வச்சா அது முன்னால போகும். தோளுக்கு முன்னால போய் நின்னா பின்னால வாங்கும். ரொம்பக் கிட்டப் போனா ஓடும், தள்ளி நின்னா மதிக்காது. சரியான தூரம்னு ஒண்ணு இருக்கு, அதைக் கண்டுபிடிச்சுட்டோம்னா விரலை அசைச்சாப் போதும். லிஃப்ட்டு பட்டன் கெட்டுது போங்க... உங்களுக்கா? உங்களுக்கு அந்த சுவிட்ச் எங்க இருக்குன்னு கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷமாத் தேடிக்கிட்டிருக்கேன்.

சிரிங்க, சிரிங்க. ஆமா, எதுக்குக் கழட்டுறீங்க? தையல் விடுதா?... சுத்தம் பண்ணவா?... ஓஹோ. என்ன திடீர்னு?

அன்னிக்கே சொன்னேன்ல, மதியம் முதலாளியம்மா வர்றாங்க. நான் இங்கயே நிரந்தரமா இருக்கேனா இல்லையான்னு இன்னிக்குச் சொல்லியாகணும். இருந்தா அந்த வாசல் பக்கத்து ரெண்டு ரூம் வீடு நமக்கு. இல்லன்னா நாளைக்கே வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க... என்ன சொல்லப் போறேனா? வேண்டாம்னுதான்... குரல்ல ஒண்ணுமில்லைங்க. காத்து அடிக்குது.

இல்லைங்க, ஆறு மாசம்னுதானே வந்தேன். லிஃப்ட்டு கம்பெனியில ஆளைக் குறைச்சாங்க, இங்க பம்பும் எடை மேடையும் பாக்க மெக்கானிக் வேணும்னாங்க, போய்த்தான் பாப்போமேன்னு கிளம்பினேன். பாத்தாச்சு... பிடிச்சிருக்கு, அது வேற. ரொம்பவே பிடிச்சிருக்கு. ஆனா நேத்து அந்த வீட்டுச் சாவியைக் குடுத்தாங்க, பாத்துட்டு வான்னு. உள்ள போய் நின்னேன். நல்ல வீடுதான். நின்னுக்கிட்டே இருந்தேன். அப்புறம் கதவைச் சாத்திட்டு நேரா தொட்டிக்கு வந்து உங்களைக் கூப்பிட்டேன்... ஆமா, குழம்புல உப்பு போட்டீங்களான்னு கேட்டேனே, அதான். வேற என்ன கேக்குறதுன்னு தெரியல.

வேலை முடிஞ்சா காலு தானா வீட்டுக்குப் போகணும்ல? எனக்கு ஆறு மாசமா இந்தத் தொட்டிக்குத்தாங்க போகுது. 'மேனேஜர்' கூட தண்ணி குடிச்சுட்டுப் போயிடும், நான் போனை வச்சுக்கிட்டு நின்னுக்கிட்டிருப்பேன். நல்ல வேலை. ஆனா வீடு இல்ல... உங்களை வரச்சொல்லி நான் கேக்கவே மாட்டேன். சாணி வாசம் வந்தா ஊசியில நூல் கோக்கக் கை வராதுன்னு சொன்ன மனுஷன்தானே நீங்க!... நான் ஒண்ணும் குத்திக் காட்டல. சும்மா ஞாபகப்படுத்துறேன்.

சன்னலா? எந்த சன்னல்?... அந்த வீட்லயா? வடக்குப் பக்கம் ஒண்ணு, பெருசு. வெளிச்சம் நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கும், நிழல் விழாது... அகலமா? நாலடி ரெண்டு அங்குலம்... எப்படித் தெரியுமா? அளந்தேன்... சும்மாதான் அளந்தேன்! டேப்பு பையில இருந்துச்சு. ஏன், நீங்க ஏன் கேக்குறீங்க?... நீங்களும் சும்மாவா? நல்லாருக்கு.

பின்னால யாரு பேசுறது? உங்க தம்பியா? அவரு இந்நேரத்துக்கு அங்க என்ன பண்றாரு?... படியில திரும்பாதா? எது திரும்பாது?... இருங்க, மழுப்பாதீங்க. இப்பத்தானே சொன்னாரு, 'தலையோட தூக்கினா படியில திரும்பாது'ன்னு. என் காது லிஃப்ட்டு குழிக்குள்ள நின்னு சத்தம் கேட்டே பழகின காது. நம்ம பில்டிங் லிஃப்ட்டு என்னாச்சு?... ரெண்டு மாசமா ஓடலையா! நான் இல்லன்னா ஒரு பய அதைத் தொட மாட்டானா?

இருங்க. இருங்க, டெய்லர் சார். சுத்தம் பண்ண தலையைச் சாய்ச்சாப் போதும், கழட்ட வேண்டியதே இல்ல. தலை வேற மேசை வேறயாப் பிரிக்கிறது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். கீழ இறக்குறதுக்கு... கீழ என்ன நிக்குது?... சொல்லுங்க.

...

வண்டியா.

...

அழல. சாணி வாசம். கண்ணுல பட்டுடுச்சு.

எப்ப முடிவு பண்ணீங்க?... உப்பு கேட்ட அன்னிக்கா! அது நேத்துதானே?... வீட்டுல யாரு? உங்க தம்பி இருக்கப் போறாரா?... கஸ்டமருங்க?... இங்க ஆள் இருக்காங்களாவா? எட்டு பேரு இருக்காங்க, எட்டு பேரு சட்டையும் முள்ளுக்கம்பியில கிழிஞ்சு தொங்குது. பாத்தா நீங்க உக்காந்து அழுதுடுவீங்க. தெருவுக்கு அந்தப் பக்கம் நாலு பண்ணை... மாடு கடிக்காதுங்க! அதுக்கு மேல்வரிசையில முன்பல்லே கிடையாது. வாங்க, வாயைத் திறந்து காட்டுறேன்.

ஏங்க, ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? நான் அந்தம்மாகிட்ட வேண்டாம்னு சொல்லியிருந்தா?... அதுக்குத்தான் காலையிலேயே கூப்பிட்டீங்களா? அப்புறம் ஏன் ஸ்க்ரூ கதையில ஆரம்பிச்சீங்க?... நிஜமாவே வரலையா. சரிதான்.

அய்யோ, மதியம்னு சொன்ன முதலாளியம்மா இப்பவே வந்துட்டாங்க. வாசல்ல தூசி தெரியுது... வச்சிடாதீங்க! உங்க மிஷினை அப்படியே விட்டுட்டா எப்படி? யோசிக்க விடுங்க. ஸ்க்ரூ இல்ல, ஆனா கம்பி உருவல. அப்ப ஓட்டைக்குள்ள ஏதோ ஒண்ணு பிடிச்சிருக்கு. வெளியில தலை தெரியாத ஏதோ...

அட! நானேதாங்க! ரெண்டு வருஷம் முன்னாடி மிஷின் ஆடுதுன்னீங்களே, ஞாபகம் இருக்கா? பழைய ஸ்க்ரூ தேய்ஞ்சு போயிருந்துச்சு. லிஃப்ட்டு கதவுக்குப் போடுற மாதிரி தலையே இல்லாத ஸ்க்ரூவா மாத்திப் போட்டேன். உள்ள இறங்கிடும், வெறும் ஓட்டை மாதிரிதான் தெரியும்... கழட்டலாம், ஆனா அதுக்கு வளைஞ்ச சாவி ஒண்ணு வேணும்... சாவி எங்கயா? என் இடுப்புல இருக்கிற பையில இருக்குங்க.

சிரிக்காதீங்க, அவங்க வர்றாங்க. முந்நூறு மாடு நிக்குது... 'சரி'ன்னுதான் சொல்லப் போறேன், வேற என்னத்தைச் சொல்ல!

இப்ப கவனமாக் கேளுங்க, தம்பியையும் கேக்கச் சொல்லுங்க. அந்த ஸ்க்ரூவைத் தொடவே வேண்டாம். கீலை மிஷின்லேருந்து பிரிக்காதீங்க. மரப்பலகையில கீலைப் பிடிச்சு நாலு திருகாணி இருக்கும், பக்கத்துக்கு ரெண்டு. அது சாதாரண திருப்புளிக்கே வரும். தம்பியை மிஷினைப் பிடிச்சுக்கச் சொல்லிட்டு, நீங்க அந்த நாலையும் கழட்டுங்க. கீலோட சேர்த்து அப்படியே தூக்கி வண்டியில வையுங்க.