பகலில் எரியாத கண்கள்

“வாப்பா, ரோபோக்கு கண் பத்துதில்லயே!”

கற்பிட்டி பஸ்ஸில் என் முன்னிருக்கையில் இருந்த சிறுமி, மீன்பெட்டியின் ரெஜிபோம் நுரைப்பலகையில் செய்த தலைக்கவசத்தைத் தந்தையிடம் நீட்டினாள். பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

“வலையில கட்டுற லைட்டு மகள். இருட்டினாத்தான் பத்தும். அத மறந்துட்டன்.”

“போட்டி பத்து மணிக்கு! எனக்கு செஞ்சீங்களா, மீனுக்கு செஞ்சீங்களா?”

சற்று யோசித்தவர், விளக்குகளில் வெளிச்சத்தை உணரும் பொட்டுகள் இரண்டையும் பெருவிரல்களால் மூடினார். கண்கள் பச்சையாக ஒளிர்ந்தன.

“விரல எடுத்தா நூந்துடுமே!”

அவர் தம் உள்ளங்கைக் காயத்தின் பிளாஸ்டரை மெல்ல உரித்து, இரண்டாகக் கிழித்து, பொட்டுகளின் மேல் ஒட்டினார்.

“உங்கட காயம், வாப்பா?”

“அது நாளைக்கும் இருக்கும் மகள். போட்டி இண்டைக்கு மட்டுந்தானே.”