தனகோட்டி வரும்வரை பேசச் சொன்னார்கள்

இந்த இசைமாலைக்குத் தலைமை தாங்கி, நாற்காலி நிறைய அமர்ந்தாலும் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத நல்லவர், எங்கள் குடியிருப்போர் கலை மன்றத்தின் தலைவர் பன்னீர்செல்வம் ஐயா அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோரே! அடுப்பை அணைத்த கையோடு அவசரமாய்ப் பூ வைத்துக்கொண்டு வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! ஷிப்ட் முடித்துச் சோறுகூடத் தின்னாமல் வந்த தோழர்களே! எட்டு மணிக்கு இதே கூடத்தில் நலங்கு வைக்க வேண்டும் என்று வரிசைத் தட்டும் வாழைத்தாருமாய் வாசலில் காத்து நிற்கும் கல்யாண வீட்டாரே! உங்கள் அனைவருக்கும் இந்த விஜயலட்சுமியின் வணக்கம்! வணக்கம்! வணக்கம்!

எத்தனையோ மேடை ஏறியிருக்கிறேன். எல்லா மேடையிலும் நான் பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் ஒரு துண்டுச் சீட்டு வரும், "சுருக்கமாக முடிக்கவும்" என்று. இன்றைக்குத்தான் முதன்முதலாக, "அக்கா, நீட்டிப் பேசுங்க, எவ்வளவு முடியுதோ அவ்வளவு பேசுங்க" என்று கெஞ்சியிருக்கிறார்கள். சிரிக்காதீங்க! எனக்கே நம்ப முடியல.

ஏன் தெரியுமா? இரண்டு இசைத் தொகுப்புகளை வாசித்து முடித்துவிட்டு, மூன்றாவதைத் தொடங்காமல் உட்கார்ந்திருக்கிறாள் நம் நந்தினி. அவளுடைய அப்பா தனகோட்டி இன்னும் வரவில்லை. காலை ஷிப்டுக்குப் போன மனிதர், மதியமே திரும்பியிருக்க வேண்டியவர். பெய்த மழையில் சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. பம்ப் போடும் ஆட்களை வீட்டுக்கு விடாமல் நிறுத்தி வைத்துவிட்டார்கள். கான்ட்ராக்ட் ஆள் கிளம்புகிறேன் என்று சொல்ல முடியுமா? பஸ் கிளம்பிவிட்டது என்று போன் வந்திருக்கிறது. அந்த பஸ் வரும்வரை இந்த மைக் என்னுடையது!

அப்பா இல்லாவிட்டால் என்ன, செல்போனில் படம் பிடித்துக் காட்டினால் போதாதா என்று யாராவது கேட்கலாம். அப்படிக் கேட்பவர்கள் போன வருஷம் இங்கே வராதவர்கள். வந்தவர்கள் வாய் திறக்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும்!

போன வருஷம் இதே மேடை. சென்னைக்குப் படிக்கப் போன முத்தாண்டிக்குப்பத்துப் பெண் நந்தினி, ஆள் உயரத்துக்கு ஒரு வாத்தியத்தோடு வந்து இறங்கினாள். பண்ருட்டியில் பஸ் ஏறும்போது கண்டக்டர் அந்தப் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "உள்ள என்னம்மா, பலாப்பழமா?" என்றாராம். "இல்லீங்கண்ணா, செல்லோ. பெரிய வயலின் மாதிரி" என்றாளாம். "எதுவா இருந்தாலும் ரெண்டு டிக்கெட்டு" என்று கிழித்துவிட்டாராம். அப்படி வந்தவள், தனி ஒருத்தியாய், பக்கவாத்தியம் இல்லாமல், பாடகர் இல்லாமல், அந்த வாத்தியத்தை மார்போடு சாய்த்து வில்லை இழுத்தாள். அன்று அவள் எடுத்தது ஆறு ஆட்டங்களுக்கான இசை கொண்ட ஒரு தொகுப்பு. ஓர் ஆட்டம் முடிந்ததும் வில்லைத் தூக்குவாள், மூச்சு வாங்குவாள், அடுத்த ஆட்டத்துக்குப் போவாள். அதுதான் முறை.

நம்ம ஊர் முறை என்ன? மேடையில் சத்தம் நின்றால் பொன்னாடைக்கு நேரமாச்சு என்று அர்த்தம்! முதல் ஆட்டம் நின்றது. போனார் தலைவர், போர்த்தினார். இரண்டாவது ஆட்டம் நின்றது. போனார்கள் மகளிர் அணி, போர்த்தினார்கள். மூன்றாவது நின்றதும் சங்கத்தின் சார்பில் ஒன்று. அந்தப் பிள்ளையும் ஒவ்வொரு தடவையும் எழுந்து கும்பிட்டு, உட்கார்ந்து, தந்தியைத் திரும்பச் சரிபண்ணி வாசித்தது. நாலாவது ஆட்டம் நின்றது. போர்த்த ஆளில்லை. மைக் செட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நம் சிவசங்கர் தம்பி என்ன நினைத்தது? பொன்னாடை முடிஞ்சா விழா முடிஞ்சது! போட்டது பார் நாட்டுப்பண்ணை!

எழுந்தோம். நின்றோம். கலைந்தோம். நாட்டுப்பண்ணுக்கு அப்புறம் யார் திரும்பி உட்கார்வது? மிச்சம் இரண்டு ஆட்டம், அவள் கையிலேயே நின்றுபோனது. அந்த நேரம் பார்த்து, வேலை முடிந்து ஓட்டமாய் ஓடி வந்து வாசலில் நின்றார் தனகோட்டி. உள்ளே நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். "முடிஞ்சிட்ச்சாம்மா?" என்றார். "முடியலப்பா, நிறுத்திட்டாங்க" என்றாள். "வுடும்மா, அடுத்த தபா முன்னாடியே வந்து குந்திக்கினு கேக்கறேன்" என்று சொல்லி, அந்தப் பெட்டியைத் தன் தோளில் தூக்கிக்கொண்டு போனார். அதைப் பார்த்து நான் அழுதேன். இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

யாருப்பா அது, பின்னாலிருந்து? "நேரமாவுது"ன்னா? ஆவட்டும்! அம்மா கலியம்மாள், கல்யாணப் பெண்ணைப் பெற்றவர் நீங்கள்தானே, நலங்குக்கு நாங்கள் இடைஞ்சலா? என்ன சொல்கிறார்கள், கேட்டீர்களா? "நீங்க பேசுங்கம்மா, கொஞ்சம் தள்ளி வெச்சிக்கறோம், மாப்பிள்ள வூட்டுக்காரங்களே இன்னும் வந்து சேரல" என்கிறார்கள். இந்த மனசு இருக்கிற ஊரில் எனக்கு என்ன குறை!

அருமைப் பெரியோர்களே! இன்று மாலை நீங்கள் கேட்டது என்ன? முதலில் முன்னூறு ஆண்டுக்கு முந்தைய ஐரோப்பா, ஒரு ஜெர்மனிக்காரர் கட்டியது. அரண்மனையில் கைகோத்து ஆடிய ஆட்டமும், குடியானவர்கள் குதித்து ஆடிய ஆட்டமும் அதில் உண்டு. அடுத்து நூறு ஆண்டுக்கு முந்தைய ஸ்பெயின். குதிகாலால் தரையைத் தட்டுகிற ஆட்டம். அவள் வில்லை விட்டுவிட்டு விரலால் தந்தியைச் சுண்டியபோது, பன்னீர்செல்வம் ஐயாவின் செருப்பு தாளம் போட்டது. மறைக்காதீங்க ஐயா, நான் பார்த்தேன்! இன்று யாரும் நடுவில் எழவில்லை. தும்மலைக்கூட அடக்கினீர்கள். உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

மூன்றாவது தொகுப்பு எங்கிருந்து வந்தது? கடல் கடந்து வந்ததா? இல்லை! காகிதத்தில் கிடைத்ததா? இல்லை! இந்த வருஷம் நந்தினியே கட்டியது. ஜெர்மனிக்காரர் தன் ஊர் ஆட்டத்தை எடுத்தால், ஸ்பெயின்காரர் தன் ஊர் ஆட்டத்தை எடுத்தால், நான் யார் ஆட்டத்தை எடுப்பேன் என்று யோசித்திருக்கிறாள். முத்தாண்டிக்குப்பத்துச் சுற்றுவட்டாரத்தில் பெண்ணழைப்பு என்றால் முதல் ஆளாய் இறங்குவது யார்? மேளக்காரர் கை சலிக்கும்வரை விடாமல் ஆடுவது யார்? அடுத்த நாள் ஷிப்டுக்குக் காலை இழுத்துக்கொண்டு போவது யார்? நந்தினியைப் பெற்ற மாணிக்கம்மாள், முன்வரிசையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொள்கிறீர்களே, நீங்களே சொல்லுங்கள், யார்?

தனகோட்டி! அந்த மனிதருடைய அடியை, அந்தக் குதியை, சுற்றி வந்து சட்டென்று நிற்கிற அந்த நிறுத்தத்தைத்தான் நாலு தந்தியில் ஏற்றியிருக்கிறாள் மகள். அதை அவருக்கு முன்னால் வாசிக்காமல் யாருக்கு முன்னால் வாசிப்பாள்? சுரங்கத்தில் அவர் கான்ட்ராக்டாய் இருக்கலாம், குவார்ட்டர்ஸ் கிடைக்காமல் இருக்கலாம். இந்த இசையில் அவர் பர்மனென்ட்! எந்த உத்தரவாலும் எடுக்க முடியாத பர்மனென்ட்! தட்டுங்கள் கையை, சுரங்கம்வரை கேட்கட்டும்!

இருங்க, இருங்க. ஹாரன் கேட்டதா? பஸ்தான். வழி விடுங்கப்பா, கல்யாண வீட்டாரே, அந்தத் தட்டைக் கொஞ்சம் நகர்த்துங்கள். வாங்க தனகோட்டி அண்ணே! வாங்க! ஏன் வாசலிலேயே நின்றுவிட்டார்? என்ன சொல்கிறார்? "முழங்கால் மட்டுக்கும் சேறுங்க, ஜமக்காளம் பாழாயிடும், இங்கியே நின்னுகினு கேக்கறேன்" என்கிறாரா? அண்ணே, முதல் வரிசையில் உங்களுக்கு நாற்காலி போட்டு வைத்திருக்கிறோம், வந்து உட்காருங்கள்!

பொறுங்கள். நந்தினி ஏதோ சொல்கிறாள். மைக்கைக் கொடுங்க தம்பி, அந்தப் பிள்ளைக்கு. கேட்டீர்களா? கேட்டீர்களா அவள் சொன்னதை? "அக்கா, அப்பாவ உக்கார வெக்காதீங்க. இது அவரு ஆட்டம். யாராவது உக்காந்துகினு ஆடுவாங்களா? முன்னாடி இடம் வுடச் சொல்லுங்க" என்கிறாள்!

நகர்த்துங்கள் நாற்காலிகளை! வாங்கண்ணே, சேறோடு வாங்க, ஜமக்காளத்தை நான் துவைத்துக்கொள்கிறேன்! நன்றியுரையை இப்போதே சொல்லிவிடுகிறேன். இடம் தந்த மன்றத்துக்கு நன்றி, நேரம் தந்த கல்யாண வீட்டாருக்கு நன்றி, மழையில் பஸ்ஸைக் கொண்டு வந்து சேர்த்த ஓட்டுநருக்கு நன்றி, இத்தனை நேரம் என்னைச் சகித்த உங்களுக்குப் பெரிய நன்றி. எல்லோருக்கும் வணக்கம்! நந்தினி, வில்லை எடு. உங்க அப்பா வந்துட்டாரும்மா.